சட்டாம்பிள்ளை வேண்டாம், வாசிப்புத் தோழன் வேண்டும்

(பங்கின் பொன்விழாவையொட்டி நடந்த பெற்றோர் – மாணவர் கூட்டத்தில், பங்கின் கல்விப் பணிக்குழுவினர் சார்பில் ஆற்றப்பட்ட உரை)

 

கோயில் எழும்பிய வரலாற்றையும், மணி வந்து சேர்ந்த கதையையும், புயலில் ஓடு பறந்தபோது ஊரே கூடி மீண்டும் வேய்ந்ததையும் எங்களுக்கு முன் பேசியவர்கள் மிக அழகாகக் கூறினார்கள். எங்களுக்குக் கிடைத்திருக்கும் பொருள் சிறியது. பள்ளி நூலகத்தில் பெரிய வகுப்புப் பிள்ளை ஒன்றையும் சிறிய வகுப்புப் பிள்ளை ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்து, ஒரே புத்தகத்தை இருவரும் சேர்ந்து வாசிக்கச் செய்வது, அவ்வளவுதான். ஆனால் இந்தச் சிறிய காரியத்துக்குள் நம் பிள்ளைகள் பலருடைய வாழ்வும் தாழ்வும் அடங்கியிருக்கிறது என்று நாங்கள் உறுதியாக நம்புகிறோம். அதனால் சற்றுப் பொறுமையோடு கேட்குமாறு வேண்டிக்கொள்கிறோம்.

நம் வீட்டு நிலை

முதலில் நம் குறையை நாமே ஒப்புக்கொள்வோம். நம் பிள்ளைகள் பள்ளிக்குப் போகாமல் இல்லை. சீருடை உண்டு, சத்துணவு உண்டு, பாடநூல் உண்டு. எட்டாம் வகுப்பு வரையில் யாரையும் அதே வகுப்பில் நிறுத்திவைப்பதும் தமிழ்நாட்டில் இல்லை. அது நல்ல விதிதான். நிறுத்திவைத்த காலத்தில் எத்தனை பிள்ளைகள் பள்ளியை விட்டே போய்விட்டார்கள் என்பது பெரியவர்களுக்குத் தெரியும். ஆனால் வகுப்பு ஏறுவது வேறு, வாசிக்கத் தெரிவது வேறு. ஆறாம் வகுப்பில் உட்கார்ந்துகொண்டு, இரண்டாம் வகுப்புப் புத்தகத்தின் ஒரு பத்தியைத் தடுமாறாமல் வாசிக்க முடியாத பிள்ளைகள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் மக்குகள் அல்லர். கரும்பலகையில் இருப்பதைப் பார்த்து முத்து முத்தாக எழுதுவார்கள். எழுதியதை வாசிக்கச் சொன்னால் தலையைக் குனிந்துகொள்வார்கள்.

இதற்குக் காரணம் யார்? யார் மேலும் பழி போட நாங்கள் வரவில்லை. நம் தொழிலின் தன்மையைப் பாருங்கள். வெயில் ஏறுவதற்குள் உப்பை வாரிக் கரையேற்ற வேண்டும். ஆகவே விடியுமுன்னே அப்பாவும் அம்மாவும் பாத்தியில் நிற்கிறார்கள். கடலுக்குப் போகிறவர் வீட்டிலும் இதே கதைதான். மாலையில் திரும்பும்போது உடம்பில் தெம்பு இல்லை. மழைக்காலம் வந்துவிட்டால் வேலையும் இல்லை, கையில் காசும் இல்லை. பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து, 'இந்த வரியை வாசி கண்ணு' என்று சொல்ல வீட்டில் ஆள் கிடையாது. வகுப்பில் ஆசிரியர் ஒருவர், பிள்ளைகளோ பலர். ஒவ்வொரு பிள்ளையும் வாய்விட்டு வாசிப்பதைக் கேட்க அவருக்கு நேரம் ஏது? சத்தமாக வாசிக்கும் பிள்ளைக்கு, அதைக் காதுகொடுத்துக் கேட்க ஒரு மனிதர் வேண்டும். அந்த ஒரு மனிதர்தான் நம் பிள்ளைகளுக்கு இல்லை.

மணலில் தொடங்கிய கல்வி

பெரிய பிள்ளை சிறிய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது புதிய சங்கதி அல்ல. நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பழங்காலமாக நடந்துவந்ததுதான். அங்கே கணக்காயர் ஒருவர் இருப்பார். அவருக்கு அடுத்தபடி தேர்ந்த மாணவன் ஒருவன் சட்டாம்பிள்ளையாக இருப்பான். பிள்ளைகள் மணலைப் பரப்பி, விரலால் எழுதி, வாயால் சொல்லி எழுத்தைப் பழகுவார்கள். பழகிய பிள்ளை பழகாத பிள்ளைக்குக் கைபிடித்துக் காட்டும். ஓலையும் எழுத்தாணியும் அதற்குப் பிறகுதான்.

1623-ஆம் ஆண்டில் உரோமை நகரத்தவரான பியத்ரோ தெல்லா வல்லே என்னும் பயணி, இன்றைய கருநாடகப் பகுதியில் ஒரு கோயிலின் முன்மண்டபத்தில் சிறுவர் சிலர் இப்படி மணலில் எழுதிக் கணக்குப் பழகுவதைக் கண்டு வியந்து எழுதிவைத்தார். 'பாடத்தை மறந்துவிட்டால் உங்களைத் திருத்துபவர் யார்?' என்று கேட்டாராம். வாத்தியார் இல்லாமலே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறோம் என்று பிள்ளைகள் பதில் கூறினார்களாம்.

அதற்கு நூற்று அறுபதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளுக்குப் பிறகு, நம் சென்னையில் ஒரு பெரிய காரியம் நடந்தது. ஸ்காட்லாந்து நாட்டில் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்னும் கடற்கரை ஊரில் பிறந்த ஆண்ட்ரூ பெல் என்னும் ஆங்கிலத் திருச்சபைக் குருவானவர் 1787-இல் சென்னைக்கு வந்தார். 1789-இல் எழும்பூரில் படைவீரர்களின் ஆண் பிள்ளைகளுக்கென்று ஏற்பட்ட அனாதை விடுதிப் பள்ளியின் கண்காணிப்பாளரானார். நம் நாட்டுப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதை அவர் ஒரு நாள் பார்த்தார். தம் பள்ளியிலும் அப்படியே செய்யச் சொன்னார். உதவி ஆசிரியர்கள் 'இது நடவாது' என்று கையை விரித்துவிட்டார்கள். பெல் விடவில்லை. எட்டு வயதுப் பையன் ஒருவனை அழைத்து, அரிச்சுவடி வகுப்பை அவனிடமே ஒப்படைத்தார். ஜான் ஃபிரிஸ்கன் என்னும் அந்தப் பையன் சாதாரணச் சிப்பாய் ஒருவரின் மகன். பெரியவர்கள் முடியாது என்றதை அந்தச் சிறுவன் செய்து காட்டினான்.

பெல் 1796-இல் தாய்நாடு திரும்பி, 1797-இல் இந்த அனுபவத்தைச் சிறு நூலாக இலண்டனில் வெளியிட்டார். அதற்கு 'மதராஸ் முறை' என்றே பெயர் வழங்கிற்று. ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் இலண்டனில் இதையொத்த பள்ளியை நடத்தினார். 1832-இல் பெல் இறக்கும்போது அவருடைய முறையில் நடந்த பள்ளிகள் 12,000-க்கும் மேல் என்பர். அவர் பிறந்த ஊரில் 'மதராஸ் கல்லூரி' என்ற பெயரில் ஒரு பள்ளி இன்றும் நடந்துவருகிறது. நம் கடற்கரை மணலில் பிள்ளைகள் எழுதிய எழுத்து எவ்வளவு தூரம் போயிருக்கிறது பாருங்கள்!

இங்கே இருந்த அதிகாரிகளும் இதை அறிந்தே இருந்தார்கள். 1823-இல் பல்லாரி மாவட்டக் கலெக்டர் காம்ப்பெல், மேல்வகுப்புப் பிள்ளைகள் கீழ்வகுப்புப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் நம் நாட்டு முறையைப் பாராட்டி அரசுக்கு எழுதினார். மக்களின் வறுமையால் இப்பள்ளிகள் நலிந்துவருகின்றன என்பதையும் அதே அறிக்கையில் எழுதினார்.

அந்த முறை ஏன் விழுந்தது?

அன்பர்களே, பெருமை பேசிவிட்டு இத்தோடு உட்கார்ந்துவிட்டால் நாங்கள் பாதி உண்மையைத்தான் சொன்னவர்களாவோம். மீதிப் பாதியும் உண்டு.

முதலாவது, அந்தத் திண்ணையில் எல்லாருக்கும் இடம் இருக்கவில்லை. பெண் பிள்ளைகளில் மிகச் சிலரே எழுத்துப் பழகினார்கள். தாழ்த்தப்பட்டவர் என்று ஒதுக்கப்பட்டவர்களின் பிள்ளைகள் திண்ணையேற முடியவில்லை. இன்று இங்கே உட்கார்ந்திருக்கும் நம்மில் பலருடைய பாட்டன், முப்பாட்டன் அந்த மணலைத் தொட்டதில்லை.

இரண்டாவது, சீமைக்குப் போன முறை அங்கேயும் நிலைக்கவில்லை. லங்காஸ்டர் ஓர் ஆசிரியரைக் கொண்டே ஆயிரம் பிள்ளைகள் வரை படிப்பிக்கலாம் என்றார். செலவு குறைகிறது என்று எல்லாரும் மகிழ்ந்தார்கள். கற்றுக்கொடுக்கும் பையன், பாடத்தைக் கிளிப்பிள்ளை போல ஒப்பித்தான். கேட்கும் பையனும் ஒப்பித்தான். பொருள் யாருக்கும் புரியவில்லை. ஆகவே 1846-இல் இங்கிலாந்து அரசு அந்த வழியை விட்டு, 13 வயதுக்கு மேற்பட்டவர்களைச் சம்பளம் கொடுத்து ஐந்து ஆண்டுகள் பழக்கும் வேறொரு ஏற்பாட்டுக்குப் போயிற்று.

தவறு எங்கே நேர்ந்தது? ஒரு பிள்ளை மற்றொரு பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்ததில் தவறு இல்லை. ஆசிரியருக்குப் பதிலாக, ஆசிரியரைவிட மலிவாகக் கிடைக்கும் ஆளாகப் பிள்ளையை நிறுத்தியதுதான் தவறு. மேலும், சட்டாம்பிள்ளையின் கையில் பிரம்பைக் கொடுத்தது தவறு. நம் முதியவர்களைக் கேட்டுப் பாருங்கள். வாத்தியார் அடி மறந்திருக்கும், சட்டாம்பிள்ளை அடி மறந்திருக்காது.

புனித ஜான் போஸ்கோவின் வாழ்விலும் இதையொத்த செய்தி உண்டு. அவர் சிறு பையனாக இருந்தபோது, பனிக்கால இரவுகளில் ஊர் மக்கள் மாட்டுத் தொழுவத்தில் கூடியிருக்க, அவர்களுக்குப் புத்தகம் வாசித்துக் காட்டுவார். பிற்காலத்தில் தூரின் நகரத்தில் வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தியபோது கற்பிக்க ஆள் போதவில்லை. பெரிய பையன்கள் சிலரைத் தேர்ந்தெடுத்து, அவர்களுக்குத் தாமே கட்டணமின்றிப் பாடம் சொல்லிக்கொடுத்தார். அதற்கு ஈடாக அவர்கள் சிறுவர்களுக்கு உதவ வேண்டும் என்பது ஏற்பாடு. இதைக் கவனியுங்கள்: அவர் பெரிய பையன்களை வேலை மட்டும் வாங்கவில்லை, முதலில் அவர்களுக்குக் கொடுத்தார், பிறகுதான் அவர்களைக் கொடுக்கச் சொன்னார்.

நம் வாசலில் நடந்தது

தொலைவில் நடந்ததைச் சொன்னோம். நம் வாசலில் நடந்ததையும் சொல்ல வேண்டும். கொரோனா நோயால் 2020 மார்ச்சில் அடைத்த பள்ளிகள், சிறு வகுப்புகளுக்கு 2021 நவம்பரில்தான் மீண்டும் திறந்தன. அதற்குச் சில நாட்களுக்கு முன், 2021 அக்டோபர் 27-ஆம் நாள், 'இல்லம் தேடிக் கல்வி' என்னும் திட்டத்தை முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அவர்கள் தொடங்கிவைத்தது எங்கே? சென்னையில் அல்ல, நம் மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில். மாலை வேளையில் ஒன்றரை மணி நேரம் வரை, அந்தந்த ஊரைச் சேர்ந்த படித்த பிள்ளைகளே தன்னார்வலர்களாகத் தெருப் பிள்ளைகளைக் கூட்டிவைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்கள் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு. பட்டம் பெற்றவர்கள் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு. அவர்களில் பெண்களே மிகுதி. 'அக்கா வந்துட்டாங்க' என்று பிள்ளைகள் ஓடிவந்த காட்சியை நாமெல்லாரும் கண்டோம். அன்று திண்ணையேற முடியாத வீட்டுப் பெண் பிள்ளைகள், தங்கள் வீட்டு வாசலையே திண்ணையாக்கிப் பிறர் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். இது நம் மண்ணுக்குப் பெருமை.

இந்த அக்காமாரைக் கண்டபோதுதான் எங்களுக்கு ஓர் எண்ணம் வந்தது. கல்லூரிப் பிள்ளை பள்ளிப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கலாம் என்றால், எட்டாம் வகுப்புப் பிள்ளை இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு ஏன் வாசித்துக் காட்டக் கூடாது? பள்ளியில் பீரோ நிறையப் புத்தகம் இருக்கிறது. கிழிந்தால் கணக்குக் காட்ட வேண்டுமே என்ற அச்சத்தில் பூட்டியே கிடக்கிறது. சீர்காழியில் பிறந்த நம் அரங்கநாதன் அவர்கள் நூலகத்துக்கு வகுத்த ஐந்து விதிகளை 1931-இல் வெளியிட்டு, புத்தகம் பூட்டிவைப்பதற்கல்ல, பயன்படுத்துவதற்கே என்பதை முதல் விதியாக வைத்தார். உலகமே ஏற்றுக்கொண்ட விதியை நம் ஊர்ப் பூட்டு ஏற்கவில்லை!

நாங்கள் பட்ட பாடு

தலைமையாசிரியர் ஒருவரின் இசைவோடு, வாரத்தில் இரண்டு நாள் நூலக வேளையில் தொடங்கினோம். பள்ளியின் பெயர் இங்கு வேண்டாம். தவறு எங்களுடையது, பள்ளியினுடையது அல்ல.

நாங்கள் செய்தது இதுதான். முதல் மதிப்பெண் வாங்கும் பெரிய பிள்ளைகளாகப் பொறுக்கி எடுத்தோம். வாசிக்கத் தெரியாத சிறிய பிள்ளைகளை அவர்களிடம் ஒப்படைத்தோம். கெட்டிக்காரனிடம் கொடுத்தால் கெட்டிக்காரனாவான் என்று கணக்குப் போட்டோம். இரண்டாவது வாரமே ஒரு தாய் எங்களைத் தேடி வந்தார். பிள்ளையின் கையைப் பிடித்து நீட்டிக் காட்டினார். முட்டியில் ஸ்கேல் தழும்பு.

"ஏங்க ஐயா, எம் புள்ள படிக்க வந்தானா, அடி வாங்க வந்தானா? அதுக்கு எங்கூட அளத்துக்கே வந்துடுவானே" என்றார்.

எங்களுக்கு வாயடைத்துப் போயிற்று. அடித்த பையனைக் கேட்டோம். "நாலு தடவ சொல்லிட்டேன் சார், அவனுக்கு ஏறவே மாட்டேங்குது" என்றான். அவனுக்கு எல்லாம் எளிதாக வந்துவிட்டது. வராதவனுடைய வருத்தம் அவனுக்குத் தெரியவில்லை. அவன்மீது குற்றமில்லை. நாங்கள் அவனைத் தோழனாக அனுப்பவில்லை, சட்டாம்பிள்ளையாக அனுப்பியிருந்தோம். ஒரு மாதம் எல்லாவற்றையும் நிறுத்திவைத்தோம்.

மறுபடி தொடங்கியபோது வேறொரு பையன் வந்து நின்றான். எட்டாம் வகுப்பு. வகுப்பில் வாயே திறக்கமாட்டான். விடிகாலையில் தாய்க்கு அளத்தில் தேநீர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கு வருகிறவன். அவனுக்கே சரியாக வாசிக்க வராது. 'சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும், இவனையா சேர்ப்பது?' என்று எங்களுள்ளேயே பேச்சு எழுந்தது. என்றாலும் போகட்டும் என்று, பக்கத்துக்கு இரண்டே வரி உள்ள ஒரு படக்கதைப் புத்தகத்தைக் கொடுத்து, இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியுடன் அடுத்த வாரம் உட்காரச் சொன்னோம். அவன் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டான்:

"ஐயா, இத வூட்டுக்கு எடுத்துக்குனு போவட்டா? பாத்து வச்சிக்கிறேன்."

எட்டு ஆண்டு பள்ளிக்கு வந்த பிள்ளை, ஒரு புத்தகத்தைத் தானாகக் கேட்டு வீட்டுக்கு எடுத்துப் போனது அதுவே முதல் தடவை. தன் வகுப்புக்கு அந்தப் புத்தகத்தை எடுத்துவந்திருந்தால் மற்றவர்கள் சிரித்திருப்பார்கள். இப்போது யாரும் சிரிக்க முடியாது. பாப்பாவுக்கு வாசித்துக் காட்டுவதற்காக அல்லவா எடுத்துப் போகிறான்! அடுத்த வாரம் அவன் தடுமாறாமல் வாசித்தான். சிறுமி, "இன்னொரு தபா படிண்ணா" என்றாள். அவன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஓர் ஆண்டில் அவன் மூன்றாம் வகுப்புப் புத்தகம், நான்காம் வகுப்புப் புத்தகம் என்று, தான் தவறவிட்ட படிகளையெல்லாம் அந்தச் சிறுமியின் கையைப் பிடித்துக்கொண்டே ஏறி வந்தான். சட்டியில் இல்லைதான், ஆனால் அகப்பையை எடுத்துக் கையில் கொடுத்தபோது, சட்டியை நிரப்ப அவனே ஓடினான்.

இது எங்கள் ஊரின் அதிசயம் மட்டும் அல்ல. 1982-இல் அமெரிக்க ஆய்வாளர் மூவர், பிள்ளைகள் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதைப் பற்றிய 65 ஆய்வுகளை ஒன்றாகத் திரட்டிப் பார்த்தார்கள். கற்றுக்கொண்ட பிள்ளைகள் முன்னேறியதோடு, கற்றுக்கொடுத்த பிள்ளைகளும் அந்தப் பாடத்தில் முன்னேறினார்கள் என்று கண்டார்கள்.

ஏன் அப்படி என்று யோசித்தால் நமக்கே விளங்கும். நம் தமிழ் எழுத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 'கொ' என்று எழுதினால் கொம்பு முன்னால் நிற்கிறது, கால் பின்னால் நிற்கிறது, ஒலியோ ஒன்றுதான். ஒற்றைக் கொம்பா இரட்டைக் கொம்பா என்று பார்த்துக் குறிலா நெடிலா என்று அறிய வேண்டும். ரகரம் றகரம், லகரம் ளகரம் ழகரம் என்று குழப்பம் வேறு. இவற்றையெல்லாம் தாண்டினாலும், ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிவிட்டுச் சொல்லாகச் சேர்க்கத் தெரியாமல் பிள்ளை நின்றுவிடும். மேலும் நாம் வீட்டில் 'வந்துட்டுது' என்கிறோம், புத்தகத்தில் 'வந்துவிட்டது' என்றிருக்கிறது. பெரியவர்களாகிய நமக்கு இதெல்லாம் மறந்துபோய்விட்டது. நேற்றுத்தான் அந்த வழுக்கு இடத்தைத் தாண்டிய பிள்ளைக்கு, எங்கே கால் வழுக்கும் என்பது நன்றாகத் தெரியும்.

செய்ய வேண்டிய முறை

இனி, இதை எப்படிச் செய்வது என்று எங்கள் அனுபவத்தில் கண்டவற்றைச் சுருக்கமாகக் கூறுகிறோம். மற்றப் பள்ளிகளிலும் நம் பங்கு வாசகசாலையிலும் இதை அப்படியே செய்யலாம்.

முதலாவது, இணை சேர்த்தல். இருவருக்கும் நான்கைந்து வயது இடைவெளி இருக்கட்டும். ஓரிரு வயதே வேறுபாடு என்றால் போட்டி வந்துவிடும். கெட்டிக்காரனைவிடப் பொறுமைசாலி நல்லவன். ஒரே இணை ஒரு பருவம் முழுதும் தொடர வேண்டும். அண்ணன் தங்கை உறவு அப்போதுதான் வளரும்.

இரண்டாவது, பெரிய பிள்ளை முன்னதாகவே புத்தகத்தை வாங்கிப் போய் வாசித்துவிட்டு வர வேண்டும். இது கட்டாயம். பெரிய பிள்ளைக்கு வரும் நன்மையில் பாதி இந்தத் தயாரிப்பில்தான் இருக்கிறது.

மூன்றாவது, புத்தகத்தைத் தேர்ந்தெடுப்பது சிறிய பிள்ளை. பெரிய பிள்ளை இரண்டு மூன்று புத்தகங்களைத் தயார் செய்து வந்து முன்னே வைக்கட்டும். அதில் ஒன்றைச் சிறிய பிள்ளை எடுக்கட்டும். பள்ளிக் கல்வித் துறை 2023-இல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தில் 'நுழை, நட, ஓடு, பற' என்று நான்கு படிகளாகச் சிறு சிறு புத்தகங்கள் வந்திருக்கின்றன. அவை இதற்கென்றே செய்தவை போல உதவுகின்றன.

நான்காவது, வாசிக்கும் விதம். 1970-களில் இங்கிலாந்தில் ரோஜர் மார்கன் என்னும் உளவியலாளர் வகுத்த 'இணை வாசிப்பு' முறையை, ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகப் பேராசிரியர் கீத் டாப்பிங் பள்ளிகளில் பரப்பினார். அது மிக எளிது. முதலில் இருவரும் ஒரே குரலில் சேர்ந்து வாசிப்பார்கள். தனியே வாசிக்கலாம் என்று துணிவு வந்ததும் சிறிய பிள்ளை மேசையில் விரலால் தட்டும்; பெரிய பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். சிறிய பிள்ளை ஒரு சொல்லில் நின்றுவிட்டால், உடனே பாயாமல் மனத்துக்குள் நான்கு ஐந்து எண்ணும் நேரம் காத்திருக்க வேண்டும். அப்போதும் வராவிட்டால் சொல்லைச் சொல்லிக்கொடுத்து, அதைத் திருப்பிச் சொல்லவைத்து, மீண்டும் இருவரும் சேர்ந்தே வாசிக்க வேண்டும். அதட்டல் இல்லை, கேலி இல்லை, 'இது கூடவா தெரியல' இல்லை. எழும்பூரிலிருந்து ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர் எடுத்துப்போன விதை, பிரம்பில்லாத பயிராக ஸ்காட்லாந்திலிருந்து நமக்குத் திரும்பி வந்திருக்கிறது.

ஐந்தாவது, நேரம். இருபது நிமிடம் போதும். வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள். பெரிய பிள்ளையின் கணக்கு வகுப்பையோ விளையாட்டு வேளையையோ பிடுங்கக் கூடாது. நூலக வேளைதான் இதற்கு ஏற்றது.

ஆறாவது, ஆசிரியர் அந்த அறையில் இருக்க வேண்டும். கதவு திறந்திருக்க வேண்டும். எல்லா இணைகளும் எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி உட்கார வேண்டும். பிள்ளைகளைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிட்டுப் பெரியவர்கள் நழுவிப் போவதற்கான வழி அல்ல இது. வகுப்பில் எழுத்தைக் கற்பிப்பது ஆசிரியர் கடமை. கற்ற எழுத்தைப் பழக்கத்தில் கொண்டுவருவதற்கே தோழன். இந்த எல்லையை மறந்தால், 1846-இல் இங்கிலாந்து கைவிட்ட அதே பள்ளத்தில் நாமும் விழுவோம்.

ஏழாவது, தேர்வும் மதிப்பெண்ணும் பரிசும் வேண்டாம். வாசித்த புத்தகத்தின் பெயரை இருவரும் ஒரு நோட்டில் எழுதிவைத்தால் போதும்.

உங்களிடம் எங்கள் வேண்டுகோள்

பெற்றோர்களே! 'பெரிய வகுப்புக்குப் போன எம் பிள்ளை தன் படிப்பை விட்டுவிட்டு அடுத்தவர் பிள்ளைக்கு ஏன் சொல்லிக்கொடுக்க வேண்டும்?' என்று சிலர் எங்களைக் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். மேலே சொன்ன பையனே அதற்குப் பதில். கடனாகக் கொடுத்த உப்புக் குறைந்துபோகும். சொல்லிக்கொடுத்த எழுத்துக் குறையாது.

வீட்டிலும் இதைச் செய்யலாம். அக்காள் தம்பிக்கு வாசிக்கட்டும். பேரப்பிள்ளைகள் பாட்டிக்கு வாசிக்கட்டும். 1978-இல் தமிழ்நாட்டரசு எழுத்துச் சீர்திருத்தம் செய்வதற்கு முன் அச்சான பழைய ஜெபப் புத்தகம் பல வீடுகளில் இருக்கிறது. அதிலுள்ள பழைய லை, னை எழுத்துகளைப் பாட்டி பேத்திக்குக் காட்டட்டும். புதிய எழுத்தைப் பேத்தி பாட்டிக்குக் காட்டட்டும். எழுத்தறியாத தாயும் பக்கத்தில் உட்கார்ந்து 'அப்புறம் என்னாச்சு?' என்று கேட்டால் போதும். அதுவே பெரிய பாடம்.

ஆசிரியப் பெருமக்களே! பீரோவின் சாவியைக் கொஞ்சம் தளர்த்துங்கள். பத்துப் புத்தகம் கிழியட்டும். கிழிந்த புத்தகத்துக்கு ஈடு செய்யப் பங்கு மக்களாகிய நாங்கள் பொறுப்பு. கிழியாத புத்தகமும் வாசிக்காத பிள்ளையும் சேர்ந்திருக்கும் பள்ளியைவிட, கிழிந்த புத்தகமும் வாசிக்கும் பிள்ளையும் உள்ள பள்ளி மேலானது.

பெரிய வகுப்பு மாணவ மாணவியரே! உங்களுக்கு ஒன்று சொல்கிறோம். உங்களுக்கு வாசிக்கத் தடுமாற்றம் இருந்தால் வெட்கப்படாதீர்கள். உங்களைவிடச் சிறிய பிள்ளை ஒன்று உங்களுக்காகக் காத்திருக்கிறது. அதற்கு உங்கள் மதிப்பெண் தெரியாது. உங்கள் குரல்தான் தெரியும்.

அளத்து வேலை அறிந்த உங்களுக்கு நாங்கள் அதிகம் விளக்க வேண்டியதில்லை. உவர்நீர் முதல் பாத்தியிலேயே உப்பாகிவிடுவதில்லை. ஒரு பாத்தியில் தேங்கி, வெயிலில் முற்றி, அடுத்த பாத்திக்கு மாறி, அங்கும் முற்றி, அதன்பிறகே உப்புப் பூக்கிறது. இடையில் ஒரு வரப்பு உடைந்தால் பட்ட பாடெல்லாம் வீண். கல்வியும் ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்கு, ஒரு வகுப்பிலிருந்து கீழ்வகுப்புக்கு அப்படித்தான் பாய வேண்டும். வரப்பைக் காப்பது நம் கடமை.

ஒரு செய்தியோடு முடித்துக்கொள்கிறோம். அந்தப் பையன் இப்போது பத்தாம் வகுப்பு. போன ஞாயிறு திருப்பலியில் முதல் வாசகம் வாசித்தவன் யார் என்று உங்களில் பலர் எங்களைக் கேட்டீர்கள். அவன்தான். பீடத்துக்குப் பக்கத்தில் நின்று அவன் வாசித்தபோது, கீழே முதல் வரிசையில் ஒரு சிறுமி உதட்டை அசைத்துக்கொண்டே கூடவே வாசித்தாள். அவளும் நாலாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். வரும் ஜூன் மாதம் முதல், ஒன்றாம் வகுப்புக் குழந்தை ஒன்று அவளிடம் வரப்போகிறது. மூன்று வயதுதானே இடைவெளி, நான்கைந்து வேண்டும் என்றீர்களே என்று கேட்பீர்கள். நாங்கள் சொல்லிப் பார்த்தோம், அவள் கேட்கவில்லை. இப்போதே புத்தகம் பொறுக்கத் தொடங்கிவிட்டாள்.